ஓசூரில் மூன்று தோழிகள் சேர்ந்து வீடு எடுக்கலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி அரூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது இருப்பது லேடீஸ் ஹாஸ்டல், ஒரே அறையில் ஆறு பேர். கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து தனி வீடு எடுக்க நினைக்கிறாள். அம்மாவோ "சிநேகிதமும் போயிடும், பணமும் போயிடும்" என்று பயப்படுகிறார். எடுக்கலாமா, எடுத்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

எடுக்கலாம் தங்கச்சி. நான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. 2014-ல் ஓசூருக்கு வேலைக்கு வந்து, கல்யாணம் ஆகும்வரை மூன்று வீடுகளில் தோழிகளோடு இருந்தவள். அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். உன் அம்மா பயப்படும் இரண்டுமே எனக்கு நடந்தது, இரண்டாவது வீட்டில். மூன்றாவது வீட்டில் நடக்கவில்லை. நாங்கள் ஒன்றும் நல்லவர்களாக மாறிவிடவில்லை, ஆட்களும் பாதிப்பேர் அதே ஆட்கள்தான். மூன்றாவது வீட்டுக்குள் சாமான் இறக்கும் முன்பே, யாராவது நடுவில் கிளம்பினால் என்ன செய்வது என்று பேசி எழுதி வைத்துவிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓசூரில் சேர்ந்து வீடு எடுக்கும் நம்மைப் போன்றவர்களில் யாரும் அங்கே நிலையாக இருக்கப் போகிறவர்கள் இல்லை என்பதை முதலில் மனதில் வை. ஒருத்திக்கு அப்ரண்டிஸ் ஒரு வருடம் முடிந்துவிடும், ஒருத்திக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள், ஒருத்திக்கு பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைக்கும், ஒருத்திக்கு ஐப்பசியில் பெண் பார்த்துத் தையில் கல்யாணம். மூன்று பேரும் ஒரே நாளில் காலி செய்வது நடக்கவே நடக்காது. ஆனால் அட்வான்ஸ் மட்டும் ஒரே தொகையாக ஓனரிடம் கிடக்கும், கடைசி ஆள் சாவியைக் கொடுக்கும்போதுதான் திரும்பி வரும். முதலில் போகிறவளுக்குப் பணம் அன்றைக்கே வேண்டும், இருப்பவர்கள் கையிலோ அவ்வளவு இருக்காது. பாத்திரம் கழுவுவது, பாத்ரூம் கழுவுவது எல்லாம் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இந்த அட்வான்ஸ் விஷயம் அப்படி ஆறாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017, பாகலூர் ரோடு பக்கம் ஒரு மாடி வீடு, வாடகை 8,500, அட்வான்ஸ் 60,000. நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு 15,000. அக்ரிமென்ட் என் பெயரில் மட்டும், ஏனென்றால் அன்றைக்கு எனக்குத்தான் வார லீவு. எட்டாவது மாதம் ஒருத்திக்குக் கல்யாணம் முடிவானது. அவள் 15,000 கேட்டாள், நியாயம்தானே, அவள் பணம். ஓனரிடம் போய் நின்றால், "வீடு காலி பண்ணும்போது மொத்தமா வாங்கிக்கம்மா" என்றார், அவர் பக்கமும் தப்பு சொல்ல முடியாது. மாதச் சீட்டை முன்கூட்டியே எடுத்து அதில் 8,000 அவளிடம் கொடுத்தேன். மீதி 7,000-க்கு அவள் அம்மா இரண்டு முறை போன் செய்தார். இரண்டாவது முறை குரல் மாறியிருந்தது. பத்திரிகை வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து காலி செய்தபோது பெயின்டிங்குக்கு 10,000, பாத்ரூம் கதவுக்கு 4,000 பிடித்துக்கொண்டு 46,000 கொடுத்தார்கள். அந்தக் கதவு பிளைவுட்; அடிப்பக்கம் தண்ணீரில் ஊறி உப்பி, தாழ்ப்பாள் போட முடியாமல் நாங்களே ஒரு கயிறு கட்டி வைத்திருந்தோம். பங்கு போட்டால் ஆளுக்கு 11,500. அவளுக்கு இன்னும் 3,500 அனுப்பினேன். "நான் இருந்தப்ப கதவு நல்லாத்தானே இருந்துச்சு, அதுக்கு ஏன் எங்கிட்ட பிடிக்கிற?" என்று ஒரே ஒரு மெசேஜ். அவள் சொன்னது சரி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எங்கள் ஆயா சொல்வது அப்போதுதான் உறைத்தது.

அதனால் மூன்றாவது வீட்டில் ஒரு நோட்டுத் தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். என்ன எழுதினோம் என்றால், கிளம்புகிறவள் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், கல்யாணமாக இருந்தாலும் சரி. புது ஆள் வந்தால் அவள் அட்வான்ஸ் பங்கை ஓனரிடம் கொடுக்காமல் கிளம்புகிறவள் கையில் நேராகக் கொடுக்க வேண்டும், ஓனரிடம் உள்ள தொகையைத் தொடவே தேவையில்லை. கொடுக்கும் அன்றைக்கே வீட்டைச் சுற்றி வந்து, உடைந்தது கிழிந்தது எல்லாம் பார்த்து, அதுவரைக்குமான சேதத்துக்கு ஒரு தொகை பேசிக் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு உடைவதற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. புது ஆள் கிடைக்காவிட்டால் கிளம்புகிறவள் ஒரு மாத வாடகைப் பங்கு கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இருப்பவர்கள் அவள் அட்வான்ஸில் பாதியை அந்த மாதமும் மீதியை அடுத்த இரண்டு மாதத்திலும் கொடுத்துவிட வேண்டும். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, மூன்று பேருக்குள் பத்திரமா என்று. அந்த வீட்டில் நான்கு வருடத்தில் ஐந்து பேர் மாறினார்கள், அந்த ஐந்து பேருடனும் இன்றைக்கும் பேச்சு இருக்கிறது.

இதில் ஒன்றை விட்டுவிடாதே. புது ஆள் வருவது ஓனருக்குத் தெரிந்து, அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுக்காமல் உள்ளே ஆள் மாற்றினால் அது உள்வாடகை என்று ஆகிவிடும், அதையே காரணம் காட்டி வீட்டைக் கேட்கலாம். பெயர், ஆதார் நகலோடு ஒரு சின்னக் கடிதம் எழுதி அவர் கையெழுத்தை முன்பே வாங்கி வைத்துக்கொள். ஆதார் நகலின் மேல் "வாடகை வீட்டுக்காக மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடு.

இப்போது ஓனரோடு போடும் அக்ரிமென்ட். மூன்று பேர் பெயரும் அதில் வர வேண்டும். ஒருத்தி பெயரில் மட்டும் போட்டால் எல்லாம் அவள் தலையில்தான் விடியும், எனக்கு விடிந்ததைப் போல. மூன்று பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி, சேர்ந்து ஒப்புக்கொண்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழு வாடகையையும் ஓனர் கேட்கலாம், "என் பங்கு மூவாயிரம்தான்" என்று அவரிடம் சொல்ல முடியாது. ஆனால் முழுசாகக் கட்டியவள் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்க அதே பிரிவு உரிமை கொடுக்கிறது. அதனால்தான் உனக்கு இரண்டு தாள் வேண்டும், ஒன்று ஓனரோடு, இன்னொன்று உங்களுக்குள்.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ஓசூரில் பாதிப் பேர் பத்திரத் தாளில் 11 மாதத்துக்கு எழுதி அதோடு விட்டுவிடுகிறார்கள். நாளைக்குப் பிரச்சினை என்று வாடகை அதிகாரியிடம் போனால் பதிவு இல்லாத பத்திரம் எடுபடாது. வேறு விதமாகப் பேசி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் சொல்கிறது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டரில் இருப்பதால் அந்த ஊர்ப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டு எட்டு மாதம், பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், வாடகை ஐந்நூறு அதிகமானாலும் அட்வான்ஸ் குறைவாக உள்ள வீட்டையே எடு. மாட்டிக்கொள்ளும் தொகை சின்னதாக இருந்தால் சண்டையும் சின்னதாகத்தான் இருக்கும்.

பெயின்டிங் விஷயத்தை முன்பே கேட்டுவிடு. தனியாக வேறு எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப், உள் வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சிங்க் அடைப்பு இதெல்லாம் நம் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. ஆனால் அக்ரிமென்டில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்று ஒரு வரி இருந்தால் அதுதான் நிற்கும். நான் அந்த வரியைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். நீ படி. வாடகைத் தகராறுக்காக கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்.

மூன்று நான்கு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகையே வேண்டாம், போக்கியம் என்று புரோக்கர் வருவார். மூன்று பேர் சேர்ந்து அதில் இறங்க வேண்டாம். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணத்துக்கு முன்னால் வங்கி நிற்கும். குடும்பமாக எடுப்பவர்கள்கூட வில்லங்கச் சான்று பார்த்துப் பதிவு செய்துதான் எடுக்க வேண்டும்.

சரி, வீடு பார்ப்பதற்கு வருவோம். பகலில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். உனக்கு செகண்ட் ஷிப்ட் உண்டு என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒருநாள் ராத்திரி பத்தரைக்கு, கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிடப் போகும் ஸ்டாப்பிலிருந்து அந்த வீடு வரை இரண்டு பேராக நடந்து பார். மத்திகிரி, பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு பக்கம் எல்லாம் புது லேஅவுட் நிறைய, வாடகையும் குறைவு, ஆனால் நடுவில் நாலைந்து காலி மனை, முள்செடி, ஒரு விளக்கும் எரியாது, நாய்கள் வேறு. என் முதல் வீடு அப்படித்தான். ஸ்டாப்பிலிருந்து எண்ணூறு அடிதான், அந்த எண்ணூறு அடிக்காகவே ஆறு மாதத்தில் காலி செய்தேன். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் மெயின் ரோட்டுக்கு இரண்டாவது வீதிக்குள் எடு. கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், மூன்று பேருக்கும் கேட் சாவி கிடைக்குமா என்று கேள். "பத்து மணிக்கு மேல கேட் திறக்க மாட்டோம்" என்று சொல்கிற ஓனரம்மா கெட்டவர் இல்லை, உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவராதவர்.

அப்புறம் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது உனக்கே தெரியும், ஊரில் பல்லில் காவிக் கோடு விழுந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், 2013-ல் தொடங்கியது. வீடு பார்க்கும்போது "போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா, எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுவாங்க, சம்ப் இருக்கா" என்று இந்த வரிசையிலேயே கேள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டு குடிக்கவும் சமைக்கவும் வேறு வழி செய்துகொள். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், புளோரைடு காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. வடிகட்டி வைத்தால் குறையும். குடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, அதற்குச் சுவை இல்லை.

கரண்ட் பில்லில் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர், தனி சர்வீஸ் நம்பர் இருந்தால் அது உங்களுக்குக் கிடைக்கும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கினால் கிடைக்காது. சர்வீஸ் நம்பரைக் கேட்டு வாங்கி நீங்களே நேராகக் கட்டுவதுதான் நல்லது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். மூன்று பேர், அறுபது நாள், தொண்ணூறு யூனிட். அந்த இலவச நூறு யூனிட்டும் ஏறக்குறைய குளியலுக்கே போய்விடும். ஹாஸ்டலில் இருந்து வருகிறவர்களுக்கு முதல் பில் இப்படித்தான் அதிர்ச்சியாக வரும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கு இருந்த மலிவான விலையும் போய்விடும், அதுவரை விடாதே. ராடைப் போட்டுவிட்டு யாரும் பக்கெட்டில் கை விட்டுப் பார்க்கக் கூடாது, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். இதைக் கதவில் எழுதியே ஒட்டு.

யாரோடு எடுப்பது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் இரண்டு பேரில் நெருக்கமானவள் யார் என்பது முக்கியமே இல்லை. சம்பளம் லேட்டானால் மூன்றாம் தேதியே "இந்த மாசம் பத்தாம் தேதிதான் தர முடியும்" என்று வாய்விட்டுச் சொல்கிறவளா, இல்லை பத்தாம் தேதி வரை போனை எடுக்காமல் இருப்பவளா என்று பார். ஹாஸ்டலில் ஏழு மாதம் கூட இருந்தவளுக்கு இது தெரியாமல் இருக்காது. வாடகைப் பணத்தை ஐந்தாம் தேதிக்குள் ஓனருக்கு ஒருத்தி கணக்கிலிருந்து அனுப்புங்கள், மற்றவர்கள் அவளுக்கு மூன்றாம் தேதி. பணமாகக் கையில் கொடுக்காதே, கொடுத்தால் ரசீது வாங்கு.

ஷிப்ட் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. இரண்டு ரூம் வீடாக இருந்தால் "உன் ரூம், என் ரூம்" என்று பிரிக்காமல், ஒன்றைத் தூங்கும் ரூம் ஆக்கிவிடுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள், லைட், போன், அலாரம் எதுவும் அந்த ரூமில் கூடாது. மற்றதெல்லாம் அடுத்த ரூமில். நாங்கள் இதைக் கண்டுபிடிக்கும் முன்னால், காலை எட்டு மணிக்குப் படுத்தவள் தலைமாட்டில் நான் எட்டே காலுக்கு டிபன் பாக்ஸைத் தேடி உருட்டியிருக்கிறேன், அவள் ஒருநாள் அழுதே விட்டாள்.

சமையலுக்கு முகவரிச் சான்று இல்லாவிட்டால் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர், அடையாள அட்டை இருந்தால் தருவார்கள். அரிசி, ராகி மாவு ஊரிலிருந்து வந்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் யார் வீட்டு அரிசி எத்தனை கிலோ என்று ஆரம்பிக்கும், அது நல்லதில்லை. காய், எண்ணெய், கேஸ், பால் மட்டும் பொதுக் கணக்கு.

சாவி வாங்குகிற அன்றைக்கே, ஒரு பாயைக்கூட உள்ளே கொண்டுபோகும் முன்னால், போனில் வீடியோ எடு. சுவர், கதவின் அடிப்பக்கம், கண்ணாடி, குழாய், சிங்க், மீட்டரில் ரீடிங். அதை ஓனருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடு, தேதி தானாக நின்றுவிடும்.

அம்மாவை வீடு பார்க்கும் நாளில் கூட்டிக்கொண்டு போ. ஊரில் இருந்துகொண்டு பயப்படுவதைவிட அவர் வந்து பார்க்கட்டும். ஓனரிடம் நீ தண்ணீர், கேட், மீட்டர் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று "இதுக்கு முன்னால இங்க இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்று கேட்டு வந்துவிடுவார். தெலுங்கில் பதில் வந்தாலும் கவலைப்படாதே, ஓசூரில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழும் தெரியும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடு.